ரேடியேட்டரில் கரைத்த புற்றுமண்

கொதிக்கிற இரும்பின்மேல் மண் கலந்த தண்ணீர் தெறித்தால் எழும் வாடை எங்காவது மூக்கில் பட்டுவிட்டால் இன்றும் நான் நடையை நிறுத்திவிடுகிறேன். எழுபது வயதைத் தாண்டிய என்னை அது பத்து வயதுப் பையனாக்கி, திருநெல்வேலி ரோட்டில் ஒரு பழைய டீசல் ஜீப்பின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

சங்கரன்கோவிலில் எங்களுக்குப் பருத்தி வியாபாரம். மழை பெய்தால் மாட்டுவண்டியே புதைந்துபோகும் கரிசல் பாதைகளுக்காக, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்த ஜீப்பை அப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். ஓட்டியவர் சுடலைமுத்து அண்ணன். அந்தக் கோடையில் எஞ்சின் அடிக்கடி சூடாகத் தொடங்கியது. ஒருநாள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "வண்டிக்குக் காய்ச்சலு தம்பி. நீரு வைத்தியம் பாக்கீரா வே?" என்று என்னிடம் சிரித்தார்.

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் காய்ச்சலோ சிரங்கோ எது வந்தாலும் அம்மா முதலில் தேடுவது கோமதி அம்மன் கோயிலில் பிரசாதமாகக் கிடைக்கும் பாம்புப் புற்றின் மண்ணை, எங்கள் பேச்சில் "புத்துமண்"ணைத்தான். உடம்பில் பூசுவாள், ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும் கொடுப்பாள். என் சிரங்கு ஆறியதும் அதில்தான் என்று நம்பியிருந்தேன். வண்டி ஆறிக் கிடந்த ஒரு மத்தியானம், பூசையறைச் சம்புடத்தில் இருந்த மண் முழுவதையும் சொம்பில் கரைத்து ரேடியேட்டருக்குள் ஊற்றினேன். மறுநாள், போதாது என்று தோன்றி, கோயிலிலிருந்து சட்டை மடி நிறையக் கொண்டுவந்து அதையும் கரைத்தேன். மனுஷனுக்கே ஒரு சிட்டிகை என்றால் அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டும் என்பது என் கணக்கு.

அந்த வாரமே அம்மாவுக்கு "இழுப்பு" கண்டது, ஆஸ்துமா. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டும் அடங்காமல், திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். அம்மாவோடு அப்பாவும் நானும் ஜீப்பில் ஏறினோம். பனவடலிசத்திரம் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்புக்குள் போனது. அண்ணன் ஓரமாக நிறுத்தினார். எஞ்சின் சத்தம் அடங்கியதும் அம்மாவின் மூச்சு மட்டும் விசில்போலக் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று நான் பயந்து காத்திருந்தேன்.

அண்ணன் ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. ஹோஸ்களில் கசிவு இல்லை. ஈரச்சாக்கைப் போட்டு மூடியை மெல்லத் திறந்தபோது கலங்கல் தண்ணீர் பீறிட்டு எஞ்சின்மேல் தெறித்தது. "துரு மொதலாளி. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு, தண்ணி சுத்த மாட்டேங்கு. அதக் கழத்திட்டா ஓடிரும்" என்றார். எனக்கு மட்டும் அது துரு இல்லை என்று தெரியும்.

அப்போது பின்னால் ஒரு பஸ் வந்தது. அப்பா கைகாட்டி நிறுத்தினார். "இந்தக் கூட்டத்துல ஏத்தினா அம்மாவுக்கு இன்னும் மூச்சு முட்டும் மொதலாளி. பத்து நிமிசம் பொறுங்க" என்றார் அண்ணன். "ஏறுதீயளா இல்லியா? வெயில்ல நிப்பாட்டிப் போட்டுப் பேச்சு வேற!" என்று கண்டக்டர் கத்தினார். நான் வாய் திறந்திருந்தால் அம்மா அந்த பஸ்ஸில் போயிருப்பாள். அப்பாவின் பெல்ட் அடியும், சாமி மண்ணை வீணாக்கிய பயமும் என் நாக்கைக் கட்டிவிட்டன. பஸ் போய்விட்டது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் வண்டி கொஞ்ச தூரம்தான் ஓடியது. முள் திரும்பவும் சிவப்பில் நின்றது. ரோட்டில் வேறு வண்டியே இல்லை. அம்மாவின் உதடு நீலம் பாரித்ததை நான் பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை. கடைசியில் வந்த ஒரு லாரியில் அவளைத் தூக்கி ஏற்றினோம். பிழைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். மேலே கொதித்தது, கீழே குளிர்ந்து கிடந்தது. பிரித்துப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, பாதிக் கண்மாய் மண்ணு உள்ளதான் அடச்சுக் கெடக்கு" என்று சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. சுடலைமுத்து அண்ணன் பக்கம் திரும்பினார். "எந்தக் கண்மாய்த் தண்ணிய ஊத்துன லே?"

"கெணத்துத் தண்ணி தவிர வேற ஊத்துனதில்ல மொதலாளி, கோமதி ஆத்தா சத்தியமா."

"அப்ப மண்ணு நடந்தா உள்ள போச்சு?"

அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல, "சிவகிரி போனப்ப ஊத்திருப்பனோ?" என்றார். செய்யாததை அந்த மனுஷன் ஞாபகப்படுத்திக்கொள்ளத் தொடங்கியதை, தூணை ஒட்டி நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாவிய வச்சிட்டுப் போ" என்றார் அப்பா.

பின்னாளில் நான் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று வருஷம் தவறாமல் விளக்கினேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அடிக்குப் பயம். பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம்.

இப்போது அப்பாவும் அம்மாவும் இல்லை. ஜீப் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் செல்போன் கடை. சுடலைமுத்து அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். போன மாதம் அவர் மகளைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"இத அப்பா இருக்கையில வந்து சொல்லியிருக்கப்படாதா, அய்யா? எந்தக் கண்மாய்ல தண்ணி மோந்தேன், எந்தக் கண்மாய்ல மோந்தேன்னு சாகுத வரைக்கும் யோசிச்சுக்கிட்டே கெடந்தாவ."