வானம் பார்த்த குஞ்சுகள்

அன்று காலை கூண்டைத் திறந்தபோது பதினாறு நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் மூன்று மட்டும் வெளியே வரவில்லை. தலையை முதுகுப் பக்கம் மடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் தூக்கி வெளியே விட்டேன். எழுந்து நிற்கப் பார்த்தது. கழுத்து பின்னால் இழுக்க, மல்லாந்து விழுந்து காலை உதைத்தது.

கழுத்து முறுக்கினால் வெள்ளைக்கழிச்சல் நோய் என்று கோட்டையூரில் கோழி வளர்க்கிற யாரும் சொல்வார்கள். வந்தால் கூண்டே காலியாகிவிடும். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த வாரம் முழுக்கக் கைபேசியில் பறவைக் காய்ச்சல் செய்தியாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். முதல் கரு கலைந்து மூன்று வருடம் கழித்து உண்டான பிள்ளை. பிரசவத்துக்கு இங்கேதான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அழைத்து வந்தது நான். முந்தின நாள் சாயங்காலம்கூட அவள் ஒரு குஞ்சை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அப்புறமும் அவள் தட்டைத் தொடக் கூசியது. கொல்லைக் கதவைத் தாழிட்டு, "பின்னால பாம்பு நடமாட்டம் இருக்குத்தா, அங்குட்டுப் போகாத" என்று பொய் சொன்னேன்.

டவுன் பஸ்ஸில் அந்தக் குஞ்சுகளோடு ஏறப் பயந்து, அட்டைப்பெட்டியில் வைத்து ஆட்டோவில் காரைக்குடிக்குக் கொண்டுபோனேன். கால்நடை மருத்துவர் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். வீட்டில் மாசமாக மகள் இருக்கிறாள் என்று முதலிலேயே சொன்னேன். கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"வெள்ளைக்கழிச்சலுக்கு, பொரிச்ச ஏழாம் நாள் கண்ணுல சொட்டு மருந்து விட்டீகளா?"

"விட்டேன் டாக்டர்."

"பச்சையாக் கழியுதா? மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"தீவனம் என்ன போடுறீக?"

"அரிசிக் குருணைதான்" என்றேன். மூட்டைத் தீவனம் தீர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மழையில் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, வெறும் ரேஷன் அரிசிக் குருணையைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தீட்டுன அரிசியில சத்து ஏதும்மா? பி வைட்டமின் இல்லாட்டி நரம்பு இழுத்து இப்படித்தான் மேல பாக்கும்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "அதுதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். மருந்து குடுங்க. ரெண்டு மூணு நாள்ல கழுத்து நேராச்சுன்னா சத்துக் குறைவுதான். மத்ததும் விழ ஆரம்பிச்சா உடனே போன் பண்ணுங்க. மாசமா இருக்கற பொண்ணு அதுவரைக்கும் கிட்ட வர வேண்டாம்."

மூன்று நாள். மருந்துப் பாட்டிலையும் சொட்டுக் குழலையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மகளுக்கு நெற்றி சுடுகிறதா என்று காரணமில்லாமல் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை, மூன்றில் சின்னதற்கு மருந்து கொடுக்கும்போது அவசரப்பட்டுவிட்டேன். அலகைப் பிரித்துக் குழலை உள்ளே விட்டு அமுக்கிவிட்டேன். குஞ்சு ஒரு தரம் இருமியது. வாயோரம் மஞ்சள் மருந்து வழிந்தது. என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. நோயில் போகவில்லை. மூச்சுக்குழாயில் மருந்தை ஊற்றி நானே கொன்றுவிட்டேன்.

என்னை அறியாமல் சத்தம் போட்டிருக்கிறேன். கொல்லைக் கதவு திறந்தது. மகள் வாசல்படியில் நின்றாள்.

"வராத! அங்குட்டே நில்லு!" என்று கத்தினேன். அவளைப் பார்த்து அப்படி நான் கத்தியதே இல்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"பாம்பா? என்னம்மா மறைக்கிற?"

செத்த குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பறவைக் காய்ச்சலுக்குப் பயந்ததையும் சொன்னேன். அவள் அழுதாள். கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலை விட்டு நகராமல், "மிச்ச ரெண்டுக்கு யாரு குடுப்பா?" என்றாள்.

"எனக்குக் கை வரலத்தா."

"வாய்க்குள்ள விடாத. அலகு ஓரத்துல ஒரு சொட்டு வை. அதுவா முழுங்கட்டும். அப்பறம் அடுத்த சொட்டு."

அவள் சொல்லச் சொல்ல வைத்தேன். குஞ்சு நாக்கை நீட்டி விழுங்கியது. வேளைக்கு வேளை அவள் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் சொட்டு வைத்தேன். மற்ற குஞ்சுகளுக்குப் புதுத் தீவனமும், தண்ணீரில் கலந்த வைட்டமினும். ஏதாவது ஒன்று கொஞ்சம் கண் மூடினாலும் தட்டி எழுப்பிப் பார்த்தேன். செபமாலையைக் கையில் எடுத்தால் மணிகளை உருட்டத்தான் முடிந்தது, செபம் வாயில் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலை இரண்டில் ஒன்று கழுத்தை இறக்கித் தரையைக் கொத்தியது. மத்தியானத்துக்குள் மற்றதும் எழுந்து, தள்ளாடி, நின்றது. வேறெதுவும் விழவில்லை. மருத்துவருக்குப் போன் செய்தேன். "சத்துக் குறைவுதாம்மா. இனிப் பயப்படாதீக" என்றார்.

ஓடிப்போய் மகளிடம் சொன்னேன். "வா, வந்து பாரு. இனி ஒண்ணும் இல்ல."

அவள் வாசல்படியைத் தாண்டவில்லை.

"இப்ப எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள்.

என்னிடமிருந்துதான் அது அவளுக்குப் போயிருந்தது. அதற்குக் கொடுக்க என்னிடம் சொட்டு மருந்து எதுவும் இல்லை. ஒரு நாற்காலியை எடுத்துவந்து வாசலில் போட்டு, அவளை உட்காரவைத்து, பக்கத்தில் படியில் நானும் உட்கார்ந்துகொண்டேன்.

பேத்தி சுகமாகப் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அந்தக் கோழிகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. மகள் கூண்டுக்குள் கை நீட்டும் முன் இன்றும் ஒரு தரம் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையாட்டிய பிறகுதான் முட்டையைத் தொடுகிறாள்.