தொட்டிக்குள் பதினொரு நிமிஷம்

இதை நம்பாதவர்கள் ஒன்று செய்யலாம். விருத்தாசலம் கடலூர் ரோட்டில் நந்தகுமாரின் கடைக்குப் போய், "தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கி ஒரு வேலை செய்யணும்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். வெளியே எந்த வேலை சொன்னாலும் வருவான். தொட்டிக்குள் மட்டும் இறங்க மாட்டான். ஏன் என்று அவனே என்னிடம் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன். நடந்தது 2006 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தானியங்கி மாட்டுவது நந்தகுமாரின் தொழில். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், போர்வெல் மோட்டார் தானாக ஓடும். நிறைந்தால் மிதவை ஏறும், மோட்டார் தானாக நிற்கும். ஒரு சொட்டு வீணாகாது. மங்கலம்பேட்டை பக்கம் கோவிந்தராசு என்பவர் தன் கரும்புக் கொல்லைக்கு அதை மாட்டச் சொல்லியிருந்தார். மற்ற விவசாயிகள் ஆயிரம் கேள்வி கேட்டுக் குடைவார்கள். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, இத மாட்டிட்டா சுவிட்ச யாரும் தொட வேணாம் இல்ல?"

"வேணாங்க ஐயா. அதுவே போட்டுக்கும், அதுவே நிறுத்திக்கும்."

"அது போதும். நீ பாரு, நான் உரம் வாங்கப் போயிட்டு வரேன்."

ஒரு சுவிட்ச் போடக்கூட இவ்வளவு சோம்பேறித்தனமா என்று நந்தகுமார் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். கொல்லையில் மிச்சம் இருந்தது காவல்காரர் நல்லமுத்து ஒருவர்தான். ஐம்பது வயது இருக்கும். காது நன்றாகக் கேட்கும், பேச்சு வராது.

தொட்டி தரைக்குள் கட்டியது. பத்தடி ஆழம். மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாய், அதற்கு இரும்பு மூடி. உள்ளே இறங்கச் சுவரோடு இரும்புப் படிகள். நந்தகுமார் ஒரு விஷயத்தில் கறார். ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் மூன்று பீங்கான் ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல் தண்ணீர்ப் பக்கம் போக மாட்டான். எல்லாம் நம்ம ஊர்ச் சூளையில் சுட்டவை. அவை பையில் கனத்தால்தான் அவனுக்கு நிம்மதி. வீட்டில் மனைவி பூங்கோதைக்கு ஏழாம் மாதம்.

அவன் மூடியைத் தூக்கியதும் நல்லமுத்து ஓடி வந்து கையைப் பிடித்தார். உச்சி வெயிலைக் காட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"சாப்புட்டு வந்து எறங்கச் சொல்றீங்களா? அஞ்சு நிமிஷ வேலைங்க. நீங்க போய்ச் சாப்புடுங்க."

அவர் கையை விடவில்லை. அந்த நேரம் பார்த்து மாடு ஒன்று கரும்புக்குள் புகுந்தது. அதை விரட்ட ஓடினார்.

மணி 12.07. செல்போனில் பார்த்துவிட்டுத்தான் நந்தகுமார் இறங்கினான்.

அடியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மேலே வெயில் பொசுக்குகிறது, உள்ளே மார்கழி மாதம் போல ஜில்லென்று இருந்தது. ஒரு மாதிரியாகத்தான் பட்டது. வேலையைப் பார்ப்போம் என்று, மிதவை மாட்டத் தோதான இடம் தேடிச் சுத்தியலால் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

டொக். டொக். டொக்.

எதிர்ச் சுவரில் இன்னொரு சத்தம்.

டொக்.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டான். இந்த முறை இரண்டு தட்டினான். மூன்று கேட்டது...

12.10. 'டங்' என்று மூடி விழுந்தது. ஒரே இருட்டு.

"நல்லமுத்து ஐயா! மூடிய எடுங்க!"

டார்ச்சைப் போட்டுக்கொண்டு படியேறினான். தோளைக் கொடுத்து முட்டினான். ஒற்றைக் கையால் தூக்கிய மூடி அது. இப்போது அசையவே இல்லை. செல்போனில் டவரும் இல்லை.

அப்போது மேலே ஓர் ஆண் குரல் கேட்டது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா? மோட்டார் போடப் போறேன்!"

கிணறோ தொட்டியோ, இப்படிக் கேட்காமல் யாரும் சுவிட்ச் போட மாட்டார்கள். நந்தகுமாருக்குப் போன உயிர் வந்தது. கத்த வாயைத் திறந்தான். அதற்குள் பதில் போய்விட்டது.

"யாரும் இல்ல... போடுங்க."

தொட்டிக்குள்ளிருந்து. அவன் காதோரத்திலிருந்து.

டார்ச்சைச் சுற்றி அடித்தான். நாலு பக்கமும் வெறும் சுவர்.

பையைத் தொட்டுப் பார்த்தான். மூன்று ஃபியூஸும் இருந்தன. மோட்டார் ஓட வழியே இல்லை.

ஓடியது.

ம்ம்ம்ம்... என்று குழாய் அதிர்ந்தது. தண்ணீர் கொட்டியது. அந்த போர்வெல்லில் தொட்டி நிறைய மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் 12.14க்கே மேல்படியில் நின்றவனின் பாதம் நனைந்தது.

12.16. இடுப்பு.

"காப்பாத்துங்க!"

கூடவே இன்னொரு குரலும் கத்தியது. அவன் குரல் இல்லை.

12.18. நெஞ்சு.

கீழே படி அதிர்ந்தது. தண்ணீருக்குள் யாரோ... படியைப் பிடித்து... ஏறி வருகிறார்கள்.

12.20. தாடை.

பூங்கோதை...

12.21. மூடி திறந்தது.

வெளிச்சத்தில் நல்லமுத்துவின் முகம். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். இரண்டு கையாலும் அவனை வெளியே இழுத்துப் போட்டார். நந்தகுமார் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தான். கணுக்கால் அளவு தண்ணீர். சுவர் காய்ந்து கிடந்தது. அவன் சட்டை மட்டும் கழுத்துவரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மூன்று மணிக்குக் கோவிந்தராசு வந்தார். நந்தகுமாருக்குப் பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

"யாருங்க மோட்டார் போட வந்தது? உள்ள யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டுட்டு, என்னைப் பேச வுடாம..."

"நீ எங்க கேட்ட இத?"

"தொட்டிக்குள்ளங்க. யாரும் இல்ல, போடுங்கன்னு ஒருத்தர் பதிலும் சொன்னாரு."

கோவிந்தராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டது நான்தான் தம்பி. இன்னிக்கு இல்ல. மூணு வருஷம் ஆவுது, இதே மாதிரி உச்சி நேரம். சுப்புராயன்னு ஒரு ஆளு பாசி சொரண்ட உள்ள எறங்கியிருந்தான். எனக்குத் தெரியாது. மோட்டார் ஷெட்டுலேர்ந்து கேட்டேன். தொட்டிகிட்ட நின்னவன் எட்டிக்கூடப் பாக்கல. மூடியப் போட்டுட்டு, யாரும் இல்ல, போடுங்கன்னுட்டான். நானும் போட்டுட்டேன். பொழுது சாய்ஞ்சுதான் பொணத்த எடுத்தோம். அன்னிலேர்ந்து இந்தக் கை சுவிட்சுகிட்ட போவ மாட்டேங்குது. அதான் ஒன்னக் கூப்புட்டேன்."

"தொட்டிகிட்ட நின்னது யாருங்க?"

கோவிந்தராசு திரும்பிப் பார்த்தார். தொட்டி மூடியின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நல்லமுத்து உட்கார்ந்திருந்தார்.

"அவன் பொறவி ஊமைன்னு நெனச்சியா தம்பி?" என்றார். "அவன் வாயிலேர்ந்து கடைசியா வந்த பேச்சு அதுதான்."