பூனைக்கு ஏது புரட்டாசி

எங்கள் வீட்டில் வளர்ந்து கிழவியாகிப்போன ஒரு பூனையை நான் ஒயர் கூடையில் வைத்துக் கட்டி, உக்கடம் மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொய்யும் சொன்னேன். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மறு வருடம் இது நடந்தது. கோபத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. ஓர் இரவு முழுக்க யோசித்துத்தான் செய்தேன்.

அது வெள்ளை உடம்பில் மஞ்சள் புள்ளி போட்ட பெண் பூனை. மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் குட்டியாக எடுத்து வந்தாள். அவளைப் பெருந்துறையில் கட்டிக்கொடுத்த பிறகு, சிங்காநல்லூர் வீட்டில் நாங்கள் இருவரும் பூனையும்தான். வயதாக வயதாக அதற்குப் பசி கூடிக்கொண்டே போனது. காலையில் பால் வருவதற்கு முன்பே படுக்கையறை வாசலில் நின்று கத்தும். பால்சோறு வைத்தால் இரண்டு வாய் தின்னும், தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வாயை நக்கிக்கொள்ளும், போய்விடும். நான் செய்தித்தாளில் ஒரு பக்கம் முடிப்பதற்குள் திரும்பி வந்து நிற்கும். தட்டில் சோறு இருப்பதைக் காட்டினால் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும், அது போன வேளைச் சோறு என்பது போல.

"பூனைக்கு வெச்சீங்களா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பாள்.

"வெச்சேன்."

"அப்பறம் ஏனுங்க இந்தக் கத்துக் கத்துது?"

"அதையே கேளு."

அவள் நிஜமாகவே கேட்பாள். "ஏஞ்சாமி, உங்கப்பன் சோறு வெக்கலியா?" அது உடனே அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுக்கும். அவள் இன்னொரு கை சோறு வைப்பாள். அந்த வீட்டில் என் சொல்லைவிடப் பூனையின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். பாதி நாள் நான் வைக்காமலேயே வைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் பள்ளி ஆசிரியை. துணி காயப்போட வரும்போது என்னைப் பார்த்தால் சும்மா போகமாட்டார். "ஏனுங்கண்ணா, ஊட்டுல பூனை வளக்கறீங்களா, புள்ளத்தாச்சிய வெச்சிருக்கறீங்களா?"

புரட்டாசி பிறந்தால் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. என் அப்பா காலத்துப் பழக்கம். மற்ற மாதங்களில் பூனையின் சோற்றில் வறுத்த கருவாட்டை உதிர்த்துப் போடுவோம். புரட்டாசியில் அது என்ன தின்றது என்று அதற்கு முந்தைய வருடங்களில் நான் கவனித்ததில்லை. அந்த வருடம் பகலெல்லாம் வீட்டில் இருந்ததால், மனைவி கொல்லைப்புறத்தில் ஒளித்துக் கருவாடு சுடுவதைப் பார்த்துவிட்டேன்.

"அதுக்கு என்னங்க தெரியும் புரட்டாசி?" என்றாள்.

"இந்த ஊட்டுச் சோறு திங்கறவங்க எல்லாருக்கும் விரதந்தான்."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் சிரிக்காததால் அதையே சட்டமாக்கிவிட்டேன். பூனைக்கு வெறும் தயிர்சோறு. அது சுவரேறிப் பக்கத்து வீட்டு ஜன்னலில் போய்க் கத்த ஆரம்பித்தது. அந்த அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை, மீன் போட்டார்.

மூன்றாம் சனிக்கிழமை, அன்றைய ஒருபொழுது விரதம் விட, பெருந்துறையிலிருந்து சம்பந்தி வீட்டாரை அழைத்திருந்தோம். பெருமாள் படத்துக்கு முன் இலை போட்டுப் படைத்து, கற்பூரம் காட்டி, கோவிந்தா சொல்லி, காக்காய்க்கும் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போது பின்வாசல் வழியாகப் பூனை வந்தது. வாயில் ஒரு மத்தி மீன் தலை. நேராக நடந்து வந்து, அதைச் சம்பந்தியம்மாளின் இலையோரம் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கத்தியது.

சம்பந்தி நல்ல மனிதர். "பரவால்லீங்க சம்பந்தி, பூனையும் அதுக்குத் தெரிஞ்ச படையலை வெக்குது" என்று சிரித்தார். சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. "எனக்குப் போதுமுங்க" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். அந்த இலையில் சோறு அப்படியே இருந்தது. அன்று இரவு என் கண்ணுக்குள் அந்த இலைதான் நின்றது.

மறுநாள் காலை சம்பந்தி வீட்டாரோடு மனைவி கொடுமுடி கோயிலுக்குப் போனாள். நான் பூனையைக் கூடையில் வைத்து, மேலே துண்டு கட்டி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டேன். மீனுக்குத்தானே இந்தப் பாடு, இனி ஆயுசுக்கும் மீன்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியெல்லாம் அது கத்திக்கொண்டு வந்தது. கடைகளுக்குப் பின்னால் துண்டை அவிழ்த்ததும் இறங்கித் தரையை முகர்ந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கத்தியது. அத்தனை மீனுக்கு நடுவில் நின்றுகொண்டு அது என்னிடம்தான் சோறு கேட்டது. நான் வண்டியைக் கிளப்பினேன்.

"வயசான பூனை. சாகறதுக்கு எங்கியாச்சும் ஒதுங்கிப் போயிருக்கும்" என்று மனைவியிடம் சொன்னேன். பொழுது சாயும்போது அவள் கொல்லைப்புறத்தில் தட்டை வைத்து, "சாமி, வா சாமி" என்று கூப்பிட்டாள். அடுத்த நாளும் கூப்பிட்டாள். அதையும் நான் தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாமல் போனது பக்கத்து வீட்டு அம்மாளால். ஒரு மாலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்று அழுதார். "அக்கா, நான் போட்ட மீனுதானுங்க. முள்ளு தொண்டையில சிக்கியிருக்கும். வாயில்லாத சீவன நானே கொன்னுபோட்டேன்." மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகும்வரை தாளை இறக்கவில்லை. போன பிறகு மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "எங்க உட்டீங்க?"

சொன்னேன்.

"வண்டிய எடுங்க."

மார்க்கெட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் அடையாளம் சொன்னோம். "அந்தக் கெழவியா? அது எதையும் திங்காதுங்க, கத்த மட்டும்தான் செய்யும். தலையப் போட்டா நக்கிப்போட்டு நிக்கும். அதுக்குள்ள மத்ததுக தூக்கிட்டுப் போயிரும்." ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையைக் கத்தியால் காட்டினார். மனைவி குனிந்து "சாமி" என்றாள். ஒரு காது கிழிந்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டு அது வெளியே வந்தது. அவள் முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "பாத்து ஓட்டுங்க" என்றாள். வீடு வரும்வரை வண்டியில் என் மேல் படாமல் தள்ளி உட்கார்ந்து வந்தாள்.

மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் அதன் வாயைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். பாதிப் பல் விழுந்திருந்தது. மிச்சம் சொத்தை. ஈறு சீழ் பிடித்திருந்தது. "பசி நெசந்தானுங்க. ரெண்டு வாய் தின்னா வலி வந்துரும், உட்டுரும். வலி அடங்குனா மறுக்காவும் பசி. வேற என்ன பண்ணும்? கத்தத்தான் செய்யும்." கெட்ட பற்களைப் பிடுங்கினார். எதையும் மசித்துக் கொடுக்கச் சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாக, கேட்கும்போதெல்லாம்.

அன்று மாலையே சுவரோரம் நின்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொடியில் இருந்த துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். "ஜெபத்துல எல்லாம் அழுதுட்டிருந்தேனுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புரட்டாசி இன்னும் முடியவில்லை. நான் மத்தி வாங்கி வந்து, கொல்லைப்புறத்தில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து வேகவைத்தேன். முள் எடுத்து, சோற்றோடு சேர்த்து விரலால் கூழாக மசித்தேன். மீன் தொட்டுப் பழகாத கையை முதல் நாள் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். மனைவி கதவருகில் நின்று பார்த்தாள். சில வாரங்களில் அவள் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாளும் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொண்டுவந்தபோது, "உங்க புள்ளத்தாச்சி எப்படிங்கண்ணா இருக்கறா?" என்று கேட்டார்.

பூனை மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகும் அது காலை முதல் இரவு வரை சோறு கேட்டுக் கத்தியது. மனைவியிடம் கத்தியது. மகள் வந்தால் மகளிடம் கத்தியது. என்னிடம் கேட்கவே இல்லை. நான் தனியாக இருக்கும் நாட்களில் தட்டுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். நான் மசித்து வைப்பேன். வைத்துவிட்டு நின்றால் தொடாது. "நீங்க அந்தப் பக்கம் போங்க, அது திங்கட்டும்" என்று மனைவி சொல்லிக்கொடுத்த பிறகு, வைத்ததும் முன்வாசலுக்குப் போய்விடுவேன். அங்கே நின்றால் உள்ளே அது நக்கும் சத்தம் லேசாகக் கேட்கும்.

அடுத்த வருடம் வெயில் காலத்தில் அது சாகும்வரை அப்படியே போயிற்று. சத்தம் நின்ற பிறகுதான் தட்டை எடுக்க உள்ளே வருவேன்.