மேடை மேல நீல டேப்

பேய்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கு வரணும், நாய் ஊளையிடணும், கரண்டு போகணும்னு நெனைக்கிறவங்க இதப் படிக்க வேணாம். எனக்கு நடந்தது பட்டப்பகல்ல. மத்தியானம் 2.00லேர்ந்து 4.36 வரைக்கும். பன்னெண்டு பேர் கண்ணு முன்னாடி. நம்பலேன்னா போங்க. கதை விட்டு நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்?

அப்ப நான் ஒரு சின்ன காலேஜ்ல, ஓவியக் கட்டடத்தப் பெருக்கித் துடைக்கிற வேலைல இருந்தேன். மொத்தமே முந்நூறு பசங்க. கவிதை, நாடகம், ஓவியம்னு படிப்பு. படிப்புன்னு அவங்க சொல்றாங்க. ஒரு பொண்ணு ஒரு வாரம் முழுக்க காலி டப்பா ஒண்ண முறைச்சுப் பாத்துட்டே உக்காந்திருந்துச்சு. அதுக்கு மார்க். குப்பைன்னு நெனச்சு அந்த டப்பாவ நான் வெளிய போட்டுட்டேன். அதுக்கு எனக்கு மெமோ.

ஓவிய வாத்தியாருக்கு நான் வெச்ச பேரு மஃப்ளர். வெயில் கொளுத்தினாலும் கழுத்துல அது இருக்கும். எதப் பாத்தாலும் "இதுல ஒரு மௌனம் இருக்கு"ம்பாரு. குழாய் ஒழுகுது சார்னு சொன்னா, அதுலயும் மௌனம் இருக்கும்.

பரிசு வாங்கின படமெல்லாம் கண்ணாடி போட்டு நடையில மாட்டியிருந்தாங்க. தினம் காலைல அதத் துடைக்கணும். எல்லாம் கோழி கிளறின மாதிரி. ஒண்ணே ஒண்ணு தான் உருப்படி. ஸ்டூல்ல உக்காந்திருக்குற ஒரு அம்மா. அள்ளி முடிஞ்ச கொண்டை. பாதி மூடின கண்ணு. கீழ 'அமைதி'ன்னு பேரு. முதல் பரிசு.

வருஷக் கடைசிப் பரீட்சைக்கு, உக்காந்தா பாத்து வரையறதுக்கு ஆள் கெடைக்கல. மஃப்ளர் என்னக் கூப்பிட்டாரு.

"மூணு தடவை உக்காரணும். தடவைக்கு அம்பது நிமிஷம். அசையக் கூடாது. முடியுமா?"

"உக்காரத் தானே சார்."

"ஒழுங்கா முடிச்சீங்கன்னா, உங்கள பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதித் தரேன்."

என் ஒப்பந்தம் அந்த மாசத்தோட முடியுது. மாடிப்படிக்குக் கீழ குடுத்திருந்த ரூமும் அதோட போயிடும். ஊர விட்டு வந்து ஏழு வருஷம். வந்த எடத்துல எங்கிட்ட சாவி இருந்த ஒரே கதவு அது.

"பொணம் மாதிரி உக்காந்துடுவேன் சார்"னேன்.

அவரு கை கழுத்துக்குப் போச்சு. மஃப்ளரத் தளர்த்திக்கிட்டாரு. நான் பாத்து அதத் தளர்த்தினது அன்னைக்குத் தான்.

2.00. மேடை நடுவுல ஸ்டூல். என் ஷூவச் சுத்தி வெள்ளை டேப் ஒட்டினாங்க. ப்ரேக் முடிஞ்சு வந்தா அதே இடத்துல கால வைக்கணுமாம். சுத்தி பன்னெண்டு ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்கு ஒரு மாணவர். எல்லாம் கரிக்குச்சியக் கையில எடுத்துச்சுங்க. தடவைக்கு ஒரு புதுப் படம், முடிச்ச நேரத்தப் படத்து மூலைல எழுதணும்னு சொன்னாரு. அது மஃப்ளர் சட்டம்.

கர்ர்... கர்ர்... காகிதத்துல கரி உரசுற சத்தம். வேற ஒண்ணுமில்ல.

2.50க்கு பெல். எந்திரிச்சுத் திரும்பினேன்.

ஸ்டூலுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு கால் தடம். நீல டேப். சின்னப் பாதம். செருப்பில்லாத பாதம்.

"சார், இது யாருது?"

"பழசா இருக்கும்."

பழசா? அன்னைக்குக் காலைல அந்த மேடையத் துடைச்சதே நான் தான். ஒண்ணும் இல்ல அங்க.

பக்கத்துல ஒரு பொண்ணு. அவ படத்துல என் இடது தோள் மேல என்னமோ இருந்துச்சு.

"என்னம்மா இது, தோள்ல கத்திரிக்கா காய்ச்சிருக்கு?"

"கை அண்ணா."

"யாரு கை?"

"உங்களுது தான..."

என் ரெண்டு கையும் மடியில இருந்துச்சு. அவ படத்துலயும் மடியில தான் இருந்துச்சு. அப்ப மூணாவது?

அவ எண்ணிப் பாத்தா. "எனக்கு அப்படித் தான் தெரிஞ்சுது"ன்னுட்டு கை கழுவப் போயிட்டா.

சரி, இதுங்களுக்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியலன்னு விட்டுட்டேன்.

3.00லேர்ந்து 3.50. இந்தத் தடவை இடது தோள் ஜில்லுனு இருந்துச்சு. ஜன்னல்ல காத்துன்னு நெனச்சேன். ஜன்னல் மூடியிருந்துச்சு.

பெல் அடிச்சு எல்லாரும் டீ குடிக்கப் போனதும், ஒவ்வொரு ஸ்டாண்டா பாத்தேன்.

பதினோரு படத்துலயும் அந்தக் கை.

தோள்ல இல்ல இப்ப. கழுத்துல.

முன்னாடி உக்காந்தவங்க வரைஞ்சதுல விரல் நுனி மட்டும். பக்கத்துல உக்காந்தவங்களுக்கு மணிக்கட்டு வரைக்கும். யாருக்கு எவ்வளவு தெரியணுமோ, அவ்வளவு தான். என்னத்தச் சொல்ல... ஒரு காதக்கூட நேரா வரையத் தெரியாததுங்க. பேசி வெச்சுக்கிட்டு இவ்வளவு சரியா வரைய, இதுங்களால ஏழு ஜென்மத்துக்கும் முடியாது.

எனக்கு நேர் பின்னாடி ஒரு சுருட்டை முடிப் பையன். அவன் படத்துல நானே இல்ல. ஒரு பொம்பளையோட முதுகு. கொண்டை. வெறுங்காலு.

டீயோட வந்தான்.

"நான் எங்கடா?"

"அவங்க மறைச்சுட்டாங்க அண்ணா."

"எவங்க?"

வாயத் தொறந்தான். மேடையப் பாத்தான். டீ கை மேல கொட்டுச்சு.

மஃப்ளர் சுத்தி வந்து பாத்தாரு. "ஆகா! எல்லாருமே தொடுதலப் பத்திப் பேசுறீங்க! இதுல ஒரு மௌனம்..."

"சார், எனக்கு உடம்பு சரியில்ல."

"கடைசி அம்பது நிமிஷம். அந்தக் கடுதாசி வேணுமா, வேணாமா?"

சாவியத் தடவிப் பாத்துக்கிட்டேன். உக்காந்தேன்.

4.10.

கர்ர்... கர்ர்...

4.22. தோள் ஜில்லுனுச்சு.

4.27. கழுத்து.

4.31. பின்னாடி பலகை முனகுச்சு. யாரோ குனியுற மாதிரி.

மூக்குக்குக் கீழ ஒரு விரல்.

தொடல. சும்மா... அங்க நின்னுச்சு.

பன்னெண்டு பேரும் நிமிந்து நேரா என்னப் பாக்குறாங்க. குனிஞ்சு வரையுறாங்க. ஒரு மூஞ்சி மாறல.

பயத்துல மூச்ச அடக்கிக்கிட்டேன்.

விரல் நடுங்குச்சு.

4.35.

தோள யாரோ உலுக்கினாங்க.

ஒரு தடவை.

இன்னொரு தடவை... பலமா. தூங்குறவன எழுப்புற மாதிரி.

"அம்மா!"ன்னு கத்திட்டு எந்திரிச்சேன். ஸ்டூல் உருண்டுச்சு. மூச்சு வாங்குச்சு. சுவர்க் கடிகாரத்துல 4.36.

என் காதுக்குப் பின்னாடி, அப்பாடான்னு ஒரு பெருமூச்சு. அவ்வளவு தான்.

"அசைஞ்சுட்டீங்களே!" மஃப்ளர் கத்தினாரு. "பரீட்சையே போச்சு! போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க. அம்பது நிமிஷம், ஒரு துளி அசையல. அவங்க..." சட்டுனு நிறுத்திட்டாரு.

கடுதாசி வரல. ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புறப்ப வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டேன். "நீல டேப் யாருது அண்ணே?"

"ஆளுக்கு ஒரு கலர் ஒட்டுவாரு அவரு. நீலம் அந்த அம்மாவுக்கு. செருப்பக் கழட்டிட்டுத் தான் மேடை ஏறுவாங்க. அதுக்கப்புறம் நீலமே வாங்கறதில்லையே..."

"அதுக்கப்புறம்னா?"

"கடைசி ரவுண்டுப்பா. 4.10க்கு உக்காந்தாங்க. அஞ்சு மணிக்கு பெல் அடிச்சுது. எவ்வளவு நல்லா உக்காந்தாங்கன்னு எல்லாரும் கை தட்டியிருக்காங்க. அவங்க எந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டு, நாலே காலுக்கே போயிருக்கும்னுட்டாரு." தலையில அடிச்சுக்கிட்டாரு. "முக்கா மணி நேரம்... உத்து உத்துப் பாத்து வரைஞ்சிருக்குங்க. மூக்குல ஒருத்தர் விரல் வெச்சுப் பாக்கல."

நான் திரும்ப உள்ள போனேன். நடையில அந்தப் படத்துகிட்ட.

கொண்டை. பாதி மூடின கண்ணு. 'அமைதி'. கீழ் மூலைல, கரிக்குச்சில, பொடி எழுத்துல: 4.52.

ஆறு மாசமா அந்தக் கண்ணாடிய தினம் துடைச்சது நான் தான்.

நானும் பாக்கல.