மதிலில் எழுதவிட்டேன்

கரமனையில் வார்டு எலெக்‌ஷன் வந்தபோது, கட்சிக்காரர்கள் என் வீட்டு மதிலில் பிரசாரம் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நான் வோட்டுப் போடும் கட்சிதான், சம்மதித்தேன். அவர்களை எதிர்த்து நின்றவர் எதிர்வீட்டு ரமணியின் கணவர்.

ரமணி வந்தாள். "எந்தா மாமி, வோட்டு உங்க இஷ்டம். எங்க வாசலைப் பார்த்தாப்ல எழுதணுமா?"

"மதில் என்னோடதாக்கும்," என்றேன். அன்றோடு அவள் சாயங்காலம் பேச வருவது நின்றது.

எலெக்‌ஷன் முடிந்தும் எழுத்து அப்படியே இருந்தது. ரமணியோடு பேசாத சாயங்காலங்கள் எனக்குப் போகவே இல்லை. கடைசியில் ஆள் வைத்து வெள்ளையடித்தேன்.

ரமணி எட்டிப் பார்த்தாள். "என்ன மாமி, கட்சி மாறிட்டேளா?"

"கட்சி மாறலைடி. மதில்தான் மாறியிருக்கு. உள்ள வா," என்றேன். வந்தாள்.

இப்போது எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் காபி கொடுக்கிறேன். மதிலைக் கொடுப்பதில்லை.