ரோஜா அக்காவை வைத்து எடுத்த படம்

வெங்காயம் பொன்னிறமாக வறுபடும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ரோஜா அக்காவின் அறைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில் பிரேசர் டவுனில், ஒரே கேட்டுக்குள் எட்டு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு "வட்டாரா"வில் நாங்கள் குடியிருந்தோம். கடைசி அறை அக்காவுடையது. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைக்கப் போகிறவர். திருநங்கை என்கிற சொல் அன்று எங்களுக்குத் தெரியாது, தெருவில் புழங்கிய சொற்களை வாயில் எடுத்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள், ஆகையால் எங்களுக்கு அவர் வெறும் அக்கா. எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு குறைவு என்று ஜன்னல் வழியாகவே சொல்லும் உரிமையுள்ள அக்கா.

அவரைப் பற்றிப் படம் எடுக்க ஒரு கன்னடக்காரப் பெண் கேமராவும் இரண்டு ஆட்களுமாக வந்தபோது சினிமா என்றே நம்பினோம். பாட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது, அக்கா வெங்காயம் அரிவதையே அரை நாள் எடுத்தார்கள். யாரும் குறுக்கே வராதீர்கள் என்று டைரக்டர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டும், குழாயில் தண்ணீர் வந்ததும் என் அம்மா குடத்தோடு குறுக்கே போய்விட்டாள். "நீரு நின்னு போச்சுன்னா உங்க படமா வந்து ஊத்தும்?" என்று அவள் கத்தியதும் படத்தில் இருந்தது.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படம் போடுகிற அன்று ஆனேக்கலில் இருக்கும் தன் அம்மாவைக் கூட்டி வரவேண்டும். அக்கா புடவை கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்ததில்லை. வாசல்வரை போனபோதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டாராம். "நேர்ல போனா கதவச் சாத்துவாங்க. படத்துல வந்தா எதச் சாத்துவாங்க?" என்று அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

என் அம்மாவே பஸ் ஏறிப் போய், என்ன பேசினாளோ தெரியாது, அந்த அம்மாவைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். சர்ச்சுக்குப் பின்னாலிருந்த சின்ன ஹாலில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். ஆனேக்கல் அம்மா முன்வரிசையில். அக்கா தள்ளி, சுவரோரமாக. படத்தில் அக்கா தலை வாருகிற இடம் வந்ததும் ஆனேக்கல் அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி, "எண்ணெயே வெக்கறதில்ல, சின்னதுலயும் இப்டித்தான்" என்றார்.

விளக்குப் போட்டும் அவர் எழவில்லை. வெறும் துணியையே பார்த்தபடி, "இன்னொருவாட்டி போடும்மா" என்று டைரக்டரைக் கேட்டார். அக்கா மெல்ல வந்து அவர் காலடியில் உட்கார்ந்தார்.

"படம் எதுக்கும்மா? நான் இங்கதானே இருக்கேன், என்னப் பாரேன்."

வெகுநேரம் துணியையே பார்த்திருந்துவிட்டு, அப்புறம்தான் அந்த அம்மா குனிந்து பார்த்தார். ஹாலில் அழாதவர்கள் யாருமில்லை, பெஞ்சுக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்த என் தம்பியைத் தவிர.

இன்று வட்டாரா இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது, ஹாலையும் இடித்துவிட்டார்கள். ஊர் ஊராக விழாக்களுக்குப் போய்வந்த அந்தப் படத்தின் கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன என்று டைரக்டர் போனில் வருத்தப்பட்டார். இனி அதை யாரும் பார்க்க முடியாது. அக்காவிடம் இதைச் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் போனேன். கடைசிக் காலம்வரை தன்னோடு இருந்த அம்மாவின் போட்டோவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"போனா போவுது கண்ணு. பாக்க வேண்டியவங்க பாத்துட்டாங்க."