கொயிம்பிராவும் எங்கள் காணியும்

அந்தத் தாளை நான் திருட்டுத்தனமாகத்தான் படம் எடுத்தேன். சிஸ்டர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய துணிப்பை எங்கள் வீட்டுக் கதிரையில் திறந்தபடி கிடந்தது. உள்ளே, எனக்குத் தெரியாத மொழியில் எழுதிய ஒரு தாள். அதில் வரைபடமாக ஓர் ஆறு, மதில் சூழ்ந்த ஒரு நகரம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊர்கள், ஒவ்வொன்றையும் நகரத்தோடு இணைக்கும் கோடுகள். தயங்காமல் போனை எடுத்துப் படம் பிடித்தேன். இப்போது நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

பூநகரிப் பக்கத்து ஜெயபுரத்தில் நாங்கள், கலவரங்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களின் பிள்ளைகள். பெற்றோர் காடு வெட்டி வயலாக்கிய நிலத்தில்தான் இருக்கிறோம். ஆனால் பல குடும்பங்களிடம் அந்தக் காணிக்கான அனுமதிப்பத்திரம் இல்லை. போர் முடிந்து மீளக் குடியேறிய பிறகு யார் யாரோ வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். சிஸ்டரும் அப்படித்தான் வந்தார். யாழ்ப்பாணத்தவர், பல வருடம் போர்த்துக்கலில் சரித்திரம் படித்தவர் என்றார்கள். கன்னியாஸ்திரியாக இருந்தும் வேதம் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அதுவே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. இந்தக் காட்டை வெட்டியது யார், கிணறு தோண்டியது யார், எல்லையில் நிற்கும் பாலை மரம் எந்தப் பக்கத்தாருடையது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, கையெழுத்தும் வாங்கினார்.

நான் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். "அந்தம்மா மேல ஒரு கண்ணு வச்சுக்க," என்றார் சங்கத் தலைவர். "நம்ம பேரை எழுதிக்கிட்டுப் போன யாரும் நல்லதுக்கு எழுதல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. என் மூத்த அண்ணனின் பெயரும் போர்க்காலத்தில் யாரோ எழுதிய ஒரு பட்டியலில் இருந்தது. அதன் பிறகு அவனைக் காணவில்லை.

படத்தைச் சங்கக் கூட்டத்தில் காட்டினேன். ஆறு எங்கள் வாய்க்கால் என்றார் ஒருவர். மதில் என்பது வரப்போகும் இராணுவ முகாம் என்றார் இன்னொருவர். சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். பைக்குள் கை வைத்ததற்கு அவர் கோபிக்கவில்லை.

"இது கொயிம்பிரா, பிள்ளை. போர்த்துக்கலில ஒரு பழைய நகரம். நான் படிச்சது அதைத்தான்," என்றார். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆண்ட பிரபுவின் அதிகாரிகள் மக்களை வாட்டினார்களாம். நகரத்தார் கிளர்ந்தெழுந்து அவர்களைத் துரத்தினார்கள். பிரபு இறங்கிவந்து ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். மக்களின் உரிமை எது, கடமை எது என்று அதில் இருந்தது. அந்த அதிகாரிகளை இனி நகரத்துக்குள் கொண்டுவருவதில்லை என்றும் இருந்தது. "வாயால சொன்னது ஆள் மாற மாறிப்போம். எழுதினதைக் காட்டிக் கேக்கலாம். அனுமதிப்பத்திரம் குடுக்கிறதுக்குக் காணிக் கச்சேரி வரப்போகுது எண்டு கதை. அதிகாரிகள் வந்து விசாரிக்கேக்க, காட்டுறதுக்கு உங்களிட்ட ஏதாவது இருக்கவேணும்."

நான் விடவில்லை. "மதிலுக்கு வெளியில இந்த ஊருகள் இருக்கே, அந்தச் சனத்தையும் கேட்டோ எழுதினவை?"

சிஸ்டர் படத்திலிருந்த அந்த ஊர்களில் விரலை வைத்தார். "இல்லை. நகரத்துப் பெரிய மனிசர்தான் கூடித் தீர்மானிச்சவை. வெளியூர்ச் சனத்துக்கும் அவையின்ர தீர்ப்புத்தான்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் அந்த உண்மையையே பிடித்துக்கொண்டேன். "பூநகரியில கோட்டை கட்டினவையும் அந்த நாட்டுக்காரர்தானே? அவையும் வரி வாங்க இந்த மண்ணை எழுதி எழுதித்தான் பிடிச்சவை," என்றேன். கூட்டம் என் பக்கம் சாய்ந்தது.

அடுத்த நாளிலிருந்து எங்கள் வீதியில் யாரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. நானே ஒவ்வொரு வீடாகப் போய் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். என் வீட்டைப் பற்றி எழுதிய தாளையும் அவரிடம் திருப்பிக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே கிழித்தேன். அவர் தடுக்கவில்லை. "உங்கட அண்ணாவைப் பற்றிக் கேள்விப்பட்டனான். என்னை நம்பச் சொல்லி நான் எப்பிடிக் கேக்கிறது?" என்று மட்டும் சொன்னார்.

சில மாதங்களில் காணிக் கச்சேரி வந்தது. அடுத்த வீதிக்காரர் சிஸ்டர் எழுதிக் கொடுத்த தாள்களோடு போனார்கள். பிறகு அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. எங்களிடம் அதிகாரி கேட்டதும் சிஸ்டர் கேட்ட அதே கேள்விகள்தான். ஆளுக்கொரு பதில் சொன்னோம். எங்கள் விசாரணையைத் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் சிஸ்டருக்கு மன்னாருக்கு மாற்றம் வந்துவிட்டது. அவர் ஏறிய பஸ் போய் மறைந்த பின்தான் நான் வீதிக்கு வந்தேன்.

அவர் எழுதியதால் எந்தக் கெடுதலும் எவருக்கும் வரவில்லை. ஆனாலும் அந்தத் தாள்களின் பிரதி வேறு எங்காவது போயிருக்குமோ என்ற எண்ணம் இன்றைக்கும் மனதின் ஒரு மூலையில் கிடக்கிறது. அதை என்னால் துடைக்க முடியவில்லை.

இந்த வருடம் மறுபடியும் கச்சேரி என்றதும், நானே ஒரு கொப்பியோடு எங்கள் வீதியில் இறங்கினேன். கடைசி வீட்டு அக்கா படலையைத் திறக்காமலே நான் கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்," என்றார். "அன்னைக்கு சிஸ்டர்கிட்ட சொல்லணும்னு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நீதான் வேணாம்னுட்ட."

அவருடைய கணவர் போன மாரிக்காலத்தில் இறந்துபோனார். கொப்பியில் அவர் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே எழுத என்னிடம் எதுவும் இருக்கவில்லை.